சகதியில் கவிழ்ந்த ஜீரோ: ஒரே விமானம் போரைத் திருப்பியதா?

2024 ஜூன் 4, வாசகர் ஒருவரின் கூற்று

1942-இல் இதே ஜூன் 4 அன்று, பத்தொன்பது வயது ஜப்பானிய விமானி ஒருவர் அலாஸ்காவை அடுத்த அகுட்டன் தீவில் புல்வெளி என்று நம்பிச் சகதியில் இறங்கிக் கவிழ்ந்தார். ஜீரோ என்னும் வகையைச் சேர்ந்த அவருடைய சண்டை விமானம் அமெரிக்கர் கையில் சிக்கியது. அதைப் பிரித்துப் பார்த்துத்தான் அவர்கள் ஹெல்கேட் என்னும் தங்கள் சண்டை விமானத்தை வடிவமைத்தார்கள், ஹெல்கேட் வந்த பிறகு ஜீரோவுக்கு வானத்தில் இடமில்லாமல் போனது. ஒரு சகதிக்குழிதான் பசிபிக் போரைத் தீர்மானித்தது என்று சொன்னால் அது மிகையா?

ஜூன் 4, இரவு 10.15

மிகைதான். ஹெல்கேட்டின் முதல் மாதிரி 1942 ஜூன் 26 அன்றே பறந்துவிட்டது. அகுட்டனில் கவிழ்ந்து கிடந்த ஜீரோவை அமெரிக்கர் முதன்முதலாகக் கண்டது ஜூலை 10 அன்று. பிறந்து பதினான்கு நாளான பிள்ளைக்கு, இன்னும் கண்டுபிடிக்கப்படாத தகப்பனைக் காட்டுகிறீர்கள்.

ஜூன் 5

நேற்று ஒரே வீச்சில் பதில் எழுதிவிட்டுப் படுத்தேன். அலுவலகத்துக்குப் போகும் ரயிலில் மறுபடி படித்தபோது, கூற்றின் தவறான பாதியை மட்டும் வெட்டிவிட்டு, சரியான பாதியைத் தொடாமலே விட்டுவிட்டேன் என்று தோன்றியது. எனவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

பசிபிக் நடுவே உள்ள மிட்வே தீவை நோக்கி ஜப்பானின் பெரும்படை நகர்ந்துகொண்டிருந்த அதே நாட்களில், ரியூஜோ, ஜூன்யோ என்னும் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களுடன் ஜப்பானியக் கடற்படையின் இன்னொரு பிரிவு வடக்கே அலூஷியன் தீவுகளுக்கு அனுப்பப்பட்டது. ஜூன் 3, 4 ஆகிய இரு நாட்களும் அந்தப் பிரிவின் விமானங்கள் அங்கிருந்த அமெரிக்கரின் டச்சு ஹார்பர் தளத்தைத் தாக்கின. இரண்டாம் நாள் ரியூஜோவிலிருந்து மூன்று ஜீரோக்கள் ஓர் அணியாகப் புறப்பட்டன. எண்டோ மகோட்டோ தலைமையேற்க, ஷிகாடா ட்சுகுவோவும் கோகா தடாயோஷியும் உடன் பறந்தார்கள். தரையிலிருந்து சுட்ட குண்டு ஒன்று கோகாவின் எஞ்சினுடைய எண்ணெய்க் குழாயில் பட்டது. விமானம் எண்ணெயை ஒழுகவிட்டபடி பறந்தது. எண்ணெய் வற்றிய எஞ்சின் எந்த நிமிடத்திலும் இறுகி நின்றுவிடும் என்பதால், கப்பலுக்குத் திரும்பும் நினைப்பைக் கைவிட வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட நிலை வரும் என்பதை ஜப்பானியர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருந்தார்கள். டச்சு ஹார்பருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அகுட்டன் தீவை அவசரமாக இறங்குவதற்கு ஒதுக்கி, விழுந்தவர்களை மீட்க ஒரு நீர்மூழ்கிக் கப்பலையும் அருகில் நிறுத்தியிருந்தார்கள். மூவரும் அந்தத் தீவுக்குப் போனார்கள். கரையிலிருந்து சிறிது உள்ளே தட்டையான ஒரு புல்வெளி தென்பட்டது. கோகா சக்கரங்களை இறக்கிவிட்டு இறங்கினார். புல்லுக்கு அடியில் இருந்தது தண்ணீரும் சேறும்தான். சக்கரங்கள் சேற்றில் புதைந்தன, விமானம் மூக்கு குத்தி மல்லாக்கக் கவிழ்ந்தது.

ஜூன் 5, மதியம்

விட்டுப்போன ஒன்று. எதிரி மண்ணில் இறங்கும் ஜீரோவை உடன் வந்தவர்களே சுட்டு எரித்துவிட வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்டிருந்த கட்டளை. எண்டோவும் ஷிகாடாவும் வட்டமிட்டுப் பார்த்தார்கள். கவிழ்ந்த விமானத்துக்குள் கோகா உயிரோடு இருக்கக்கூடும் என்ற எண்ணத்தில் சுடாமல் திரும்பிப் போனார்கள். உண்மையில் கோகா அப்போதே இறந்திருந்தார். எண்டோ 1943-இல் ரபவுல் பகுதியில் கொல்லப்பட்டார். ஷிகாடா போரில் உயிர் தப்பி, பல ஆண்டுகளுக்குப் பின் அந்த இறக்கத்தைத் தாம் கண்டபடி விவரித்தார். சக்கரம் புல்லைத் தொட்டபோது தண்ணீர் தெறித்ததை மேலிருந்து அவர் பார்த்திருக்கிறார்.

ஜூன் 6

"விமானம் ஓட்டத் தெரிந்தவருக்குச் சகதி தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது. பத்து வயதில், ஊரில் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த குட்டையைத் தரை என்று நினைத்து ஓடி, இடுப்பளவு உள்ளே போனவன் நான். நான்கடி உயரத்திலிருந்து பார்த்த எனக்கே தெரியாதது, எண்ணெய் தெறித்த கண்ணாடி வழியாக, எஞ்சின் எப்போது நிற்கும் என்று எண்ணிக்கொண்டு இறங்கியவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? கெட்டியான தரையில் சக்கரத்தை இறக்குவதுதான் முறை. சேறு என்று தெரிந்திருந்தால் சக்கரங்களை மடக்கியே வைத்து, வயிற்றால் வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் கோகா பிழைத்திருக்க வாய்ப்புண்டு. பிழைத்திருந்தால் தம் கையாலேயே விமானத்தைக் கொளுத்தியிருப்பார், நாமும் இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஜூன் 6, இரவு

மேலே எழுதியதை நானே மறுக்க வேண்டியிருக்கிறது. உயிர் பிழைத்த விமானி விமானத்தைக் கட்டாயம் கொளுத்துவார் என்பது நிச்சயமில்லை. அதற்குச் சான்றாக இன்னொரு ஜீரோ இருக்கிறது. 1942 பிப்ரவரி 19 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தாக்கிவிட்டுத் திரும்பிய டோயோஷிமா ஹஜிமே, ஹிரியூ கப்பலைச் சேர்ந்தவர். அவருடைய விமானத்தின் எண்ணெய்த் தொட்டியில் குண்டு பட்டது, அவரும் டார்வினுக்கு வடக்கே உள்ள மெல்வில் தீவில் இறங்கினார். அவர் பிழைத்தார். ஆனால் விமானத்தை அழிக்காமலே விட்டு நடந்தார். திவி இனத்தைச் சேர்ந்த மத்தாயஸ் உலுங்குரா அவரைப் பிடித்தார். ஆஸ்திரேலிய மண்ணில் பிடிபட்ட முதல் ஜப்பானியக் கைதி அவர்தான். வேறு பெயர் சொல்லிச் சிறையில் இருந்து, 1944 ஆகஸ்டில் கவ்ரா முகாமில் கைதிகள் தப்பியோட எழுந்தபோது எக்காளம் ஊதித் தொடங்கி வைத்து, அன்றே இறந்தார். அவருடைய ஜீரோவின் எஞ்சியுள்ள பகுதிகள் டார்வின் விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இரண்டு விமானங்களும் எண்ணெயால்தான் வீழ்ந்தன என்பதைக் கவனியுங்கள். எடையைக் குறைப்பதற்காக விமானிக்குக் கவசத் தகடும், ஓட்டை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் வைக்காமல் விட்ட வடிவமைப்பு அது. ஹொரிகோஷி ஜிரோ தலைமையில் வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாத குறையன்று. கடற்படை கேட்ட தூரமும் வளைந்து திரும்பும் திறனும், ஆயிரம் குதிரைத்திறனைக்கூட எட்டாத சகாயே எஞ்சினைக் கொண்டு வேறெந்த வழியிலும் கிடைத்திருக்காது.

ஜூன் 7

ரியூஜோ என்ற பெயரைப் பார்த்துவிட்டு, "விசாகப்பட்டினத்தில் குண்டு போட்ட கப்பல்தானே இது, அப்படியானால் எங்கள் தாத்தா பார்த்ததும் ஜீரோதானே?" என்று ஒருவர் கேட்கிறார். கப்பல் அதே கப்பல்தான். 1942 ஏப்ரல் 6 அன்று ரியூஜோவின் விமானங்கள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின, அந்த வாரத்தில்தான் மதராஸை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். ஆனால் குண்டு போட வந்தவை குண்டுவீச்சு விமானங்கள், ஜீரோ அல்ல. ஜீரோக்களைக் கண்ணால் கண்டவர்கள் இலங்கையில் இருந்தார்கள். ஏப்ரல் 5 அன்று கொழும்பையும் 9 அன்று திருகோணமலையையும் தாக்கியது ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் பெரிய கப்பற்படை. ரியூஜோ அதில் சேர்ந்ததன்று, வங்காள விரிகுடாவில் தனியாகச் சரக்குக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தது. ரியூஜோவும் அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று சாலமன் தீவுகளுக்குக் கிழக்கே மூழ்கடிக்கப்பட்டது.

ஜூன் 8

கண்டுபிடிப்புக்கு வருகிறேன்.

அந்த ஜீரோ முப்பத்தாறு நாட்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அகுட்டன் வழக்கமான பறக்கும் வழியிலும் இல்லை, கப்பல்களிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்திலும் அது விழவில்லை. ஜூலை 10 அன்று வில்லியம் தீஸ் என்னும் லெப்டினன்ட் ஓட்டிய காட்டலினா ரோந்து விமானம் திசை தடுமாறிவிட்டது. அந்தப் பகுதியில் பனிமூட்டத்துக்குள் வேகத்தையும் நேரத்தையும் கொண்டு கணக்குப் போட்டே பறக்க வேண்டும், அன்று கணக்குத் தப்பியது. ஷுமாகின் தீவுகளைக் கண்டு இடத்தை உறுதிசெய்துகொண்டு, டச்சு ஹார்பருக்கு நேர்வழியாகத் திரும்பியபோது அந்த வழி அகுட்டன் மீது சென்றது. பக்கக் கண்ணாடிக் கூண்டில் இருந்த ஆல்பர்ட் நாக் என்னும் பணியாளர் கீழே கிடந்ததைக் கண்டார். வழி தவறிய விமானமே வழி தவறாத விமானங்கள் காணாததைக் கண்டது.

மறுநாள் தீஸ் தம் மேலதிகாரியிடம் அனுமதி பெற்று ஆட்களுடன் போனார். கோகா வார்ப்பட்டையில் மாட்டியபடியே, தலை தண்ணீருக்குள் மூழ்கித் தொங்கிக்கொண்டிருந்தார். உடலை எடுத்து அருகே புதைத்தார்கள். விமானத்தைத் தூக்க அவர்களால் முடியவில்லை. இரண்டாவதாகப் போன குழுவும் கனரகக் கருவிகளைக் கரையிறக்க முடியாமல் திரும்பியது. ஜூலை நடுவில் மூன்றாவது குழு உரிய இயந்திரங்களுடன் போய், மேலும் உடையாமல் சேற்றிலிருந்து இழுத்து, படகுத்தட்டில் ஏற்றி டச்சு ஹார்பருக்குக் கொண்டுவந்தது.

நெல் அறுவடை நேரத்தில் வயலில் புதைந்த டிராக்டரை இழுத்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் கயிறு போட்டு இழுத்தால் மறுபக்கம் இன்னும் ஆழமாகப் போகும். இவர்கள் இழுத்ததோ மெல்லிய அலுமினியக் கலவையால் ஆன, காலியாக இருந்தாலே 1,700 கிலோவை நெருங்கும் ஒரு பொருள். எனக்கு இந்தக் கதையில் விமானிகளைவிட இந்த மூன்றாவது குழுவின் மீதுதான் பிரியம் அதிகம். அவசரப்பட்டிருந்தால் மிஞ்சியிருப்பது தகரக்குவியல்தான்.

ஜூன் 9, ஞாயிறு

"அமெரிக்கரிடம் அதற்குமுன் ஜீரோவே கிடையாதா?" என்ற கேள்விக்கு: சீனாவில் ஒன்று இருந்தது. 1941 நவம்பரில் லெய்ஜோ தீபகற்பத்தில் இறங்கிய ஜீரோவைச் சீனர்கள் கைப்பற்றினார்கள். கெர்ஹார்ட் நியூமன் என்னும் ஜெர்மானிய மெக்கானிக் அதை ஒட்டிச் சேர்த்துப் பறக்க வைத்தார். ஆனால் அது அமெரிக்கா போய்ச் சேர்ந்தது 1943-இல்தான். அகுட்டன் விமானமோ 1942 ஆகஸ்டிலேயே சான் டியேகோ வந்துவிட்டது. நார்த் ஐலண்ட் தளத்தில், பலூன் கொட்டகைக்குள் பன்னிரண்டடி உயர வேலி கட்டி, காவல் போட்டு வேலையைத் தொடங்கினார்கள். கவிழ்ந்ததில் நசுங்கியவை முக்கியமாகச் செங்குத்து வால், சுக்கான், இறக்கை நுனிகள், மேல்மூடி ஆகியவை. உடலும் எஞ்சினும் சரிசெய்யும் நிலையில் இருந்தன.

செப்டம்பர் 20 அன்று லெப்டினன்ட் கமாண்டர் எடி சாண்டர்ஸ் அதை வானில் ஏற்றினார். அக்டோபர் 15 வரை 24 முறை பறந்து சோதித்தார். முதல் சில பறத்தல்களிலேயே இரண்டு பலவீனங்கள் தெரிந்துவிட்டன.

ஒன்று, மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டருக்கு மேல் போனால் இறக்கைகளை உருட்டும் மடல்கள் கல்லாக இறுகிவிடும். கையால் எவ்வளவு அழுத்தினாலும் விமானம் மெதுவாகவே உருளும், அதிலும் இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் உருட்டுவது கடினம். இரண்டு, மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எஞ்சின் திக்கி நின்றுபோகும்.

இரண்டாவதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எனக்குத் தெரிந்த விஷயம். கார்புரேட்டருக்குள் ஒரு சிறு கிண்ணம், அதில் மிதவை. பெட்ரோல் மட்டம் ஏறினால் மிதவை ஏறி வாயை அடைக்கும், இறங்கினால் திறக்கும். கல்லூரி நாட்களில் என்னிடம் இருந்த பழைய மோட்டார் சைக்கிள் பள்ளத்தில் குதிக்கும் ஒவ்வொரு முறையும் இருமும், கிண்ணத்தைக் கழற்றிக் கழுவியே என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. விமானம் திடீரென்று மூக்கைத் தாழ்த்தும்போது விமானியே இருக்கையிலிருந்து மேலெழும்புகிறார் அல்லவா, பெட்ரோலும் அப்படியே கிண்ணத்தின் மேல்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும், எஞ்சினுக்குப் போகும் துளையில் எதுவும் இருக்காது. ஆங்கிலேயரின் மெர்லின் எஞ்சினுக்கும் இதே வியாதி இருந்தது. அதைப் பீட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியாளர் துளையிட்ட ஒரு சிறு வளையத்தைச் செருகிப் பெருமளவு தணித்தார்.

ஆகவே விமானிகளுக்குப் போன பாடம் சுருக்கமானது. ஜீரோ பின்னால் வந்துவிட்டால் மூக்கைக் கீழே தள்ளிப் பாய வேண்டும், வேகம் கூடியதும் வலப்பக்கம் உருண்டு விலக வேண்டும். அது பின்தொடர முடியாது.

ஜூன் 11

இனி முதல் கூற்றின் சரியான பாதி.

அகுட்டன் ஜீரோ கையில் இல்லாமலே அமெரிக்க விமானிகள் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச் வகுத்த குறுக்கு நெசவு உத்தி, இருவர் மாறி மாறி வளைந்து ஒருவர் வாலை மற்றவர் காப்பது, மிட்வேயில் நடைமுறைக்கு வந்த நாளும் ஜூன் 4-தான். கோகா சகதியில் இறங்கிய அதே தேதியில், கோகாவின் விமானத்தைப் பற்றி எதுவும் அறியாமல், 1941-இல் வந்த உளவு அறிக்கையைக் கொண்டு தாச் முன்பே வகுத்து வைத்தது அது. ஜீரோவோடு வளைந்து சண்டை போடாதே, மேலிருந்து பாய்ந்து விலகு என்பதையும் சீனாவில் அமெரிக்கத் தன்னார்வ விமானிகளுக்குத் தலைமையேற்ற ஷெனால்ட் அதற்கு முன்பே வலியுறுத்தியிருந்தார்.

அகுட்டன் விமானம் கொடுத்தது அளவை. 'வேகத்தில் அது திணறுகிறது போலத் தெரிகிறது' என்பது உயிர் தப்பி வந்தவரின் நினைவு. எந்த வேகத்தில், எந்தப் பக்கம், எத்தனை நொடி என்பது சோதனை. நான் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறவன், இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் நான் நடக்கிற தூரம். அதே சமயம், மிட்வே தோல்விக்குச் சமமான இழப்பு இது என்று போருக்குப் பின் சொன்ன ஜப்பானிய அதிகாரி ஒக்குமியா மசதாகேயின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மிட்வேயில் போனவை நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள். இங்கே போனது ஓர் இயந்திரத்தின் ரகசியம், அதுவும் பாதி கசிந்துவிட்ட ரகசியம்.

ஜூன் 12

"அந்த விமானம் இப்போது எந்த அருங்காட்சியகத்தில்?" என்று மூவர் கேட்டுவிட்டார்கள். எதிலும் இல்லை. அதைத் தரையில் ஓர் அமெரிக்க விமானமே கொன்றது. 1945 பிப்ரவரியில் சான் டியேகோவில் பயிற்சிக்காக ஓடுதளத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தபோது, கட்டுப்பாட்டை இழந்த ஹெல்டைவர் குண்டுவீச்சு விமானம் ஒன்று மோதி, அதன் முன்விசிறி ஜீரோவை வெண்டைக்காய் நறுக்குவதுபோல் நறுக்கிவிட்டது. ஜீரோவுக்குள் இருந்த விமானி ரிச்சர்ட் குரோமெலின் பிழைத்தார். அதன் சில அளவுமானிகளைக் கடற்படை விமானி வில்லியம் லியனார்ட் எடுத்து வைத்து, பின்னர் வாஷிங்டனில் உள்ள கடற்படை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். சேற்றிலிருந்து அத்தனை பத்திரமாக இழுத்தவர்களை நினைத்தால் எனக்குத்தான் வயிறு எரிகிறது.

ஜூன் 16, ஞாயிறு

நான் இருப்பது டோக்கியோவின் நிஷி கசாய் பகுதி. எங்கள் தோசாய் ரயில் தடத்தில் நேராகப் போனால் குடான்ஷிதா நிலையம், அங்கிருந்து நடை தூரத்தில், போரில் இறந்தவர்களுக்கான யாசுகுனி ஆலயத்தின் அருங்காட்சியகம். அதன் முன்கூடத்தில் ஒரு ஜீரோ நிற்கிறது. கோகா ஓட்டியதற்குப் பிந்திய வகை, 52 என்னும் எண்ணுள்ளது. இன்று இந்த இழைக்காகவே மறுபடி போனேன். நண்பரின் மகன் இறக்கைக்கு அடியில் நின்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சக்கரம் நம் ஸ்கூட்டர் சக்கரத்தைவிட அவ்வளவு பெரிதாக எனக்குப் படவில்லை. சேற்றில் இது தாங்கும் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அங்கிருந்து சிதோரிகஃபுச்சிக்கு நடந்தேன். 1959-இல் திறக்கப்பட்ட நினைவிடம் அது, பெயர் தெரியாத போர்க்கால எலும்புகளை வைக்கும் இடம். நான் அங்கே போன காரணம் இது: 1947-இல் அமெரிக்கக் கல்லறைப் பதிவுப் பிரிவினர் அகுட்டனில் கோகாவின் உடலைத் தோண்டி எடுத்து, அவர் யார் என்று அறியாமல், அடாக் தீவின் இடுகாட்டில் அடையாளம் தெரியாதவராகப் புதைத்தார்கள். 1953-இல் அங்கிருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியர் உடல்கள் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டன. பெயர் தெரிந்தவர்கள் 13 பேர் மட்டும். மற்றவர்களுடைய எச்சங்கள் சிதோரிகஃபுச்சிக்கு வந்தன. 1988-இல் ஓர் அலாஸ்கா எழுத்தாளர் அகுட்டனில் கல்லறையைத் தேடிப் போனபோது அது காலியாக இருந்தது. கோகா அந்தப் பெயரில்லாதவர்களுள் ஒருவராக இருக்க வேண்டும் என்பதே பொதுவான முடிவு.

அறுகோண மண்டபத்தின் முன்னால் இருவர் வெள்ளைச் செவ்வந்தியை வைத்துவிட்டுத் தலை தாழ்த்தி நின்றார்கள். நானும் ஒன்று வைத்தேன். யாருக்கு வைக்கிறோம் என்பதைச் சொல்ல அங்கே எந்தப் பலகையும் இல்லை.

ஜூன் 18

ஒரு திருத்தம். ஜூன் 5 குறிப்பில் எண்டோவும் ஷிகாடாவும் காட்டிய தயக்கத்தை இரக்கம் என்ற தொனியில் எழுதிவிட்டேன். அதே மூவர் அணிதான் அன்று ஒரு காட்டலினாவை வீழ்த்தி, மிதவைப் படகில் இருந்த பிழைத்தவர்களையும் சுட்டது என்று கூறப்படுகிறது. அதை விட்டுவிட்டு இதை மட்டும் எழுதியது என் பிழை.

ஜூன் 18, சற்றுப் பின்

விமானத்தின் தொடர் எண்ணைக் கேட்டவருக்கு: 4593. வாலில் எழுதியிருந்தது டி.ஐ. 108. மிட்சுபிஷி அதைக் கட்டியது 1942 பிப்ரவரியில், டோயோஷிமா மெல்வில் தீவில் விழுந்த அதே மாதத்தில்.